வலது பிரேக்

வீடு எனக்கு, பிக்கப் வண்டி அவனுக்கு என்று
பீட்டர்மாரிட்ஸ்பர்க் கோர்ட்டில் பிரித்தபோது
இதை மட்டும் அறுக்க முடியவில்லை.
இறக்கை உனக்கு, வால் எனக்கு என்றால்
மாஜிஸ்திரேட்டே சிரித்திருப்பார்.
அதனால் சனிக்கிழமை என்னுடையது,
ஞாயிறு தீனதயாளனுடையது.
நடுவில் ஒரு நோட்டுப் புத்தகம்.

மஞ்சள் நிறம். இரண்டு இருக்கை.
வாலடியில் ஒரு குட்டிச் சக்கரம்.
வானத்தில் சொன்ன பேச்சு கேட்கும்,
தரையில்தான் குணம் தெரியும்.
மூக்கைத் தூக்கிக்கொண்டே நிற்பதால்
முன்னால் இருப்பது எதுவும்
ஓட்டுகிறவள் கண்ணுக்கு அகப்படாது.
இடம் வளைந்து எட்டிப் பார்த்து
வலம் வளைந்து எட்டிப் பார்த்து
கள் குடித்தவள் நடையில் போனால்தான்
நேராகப் போவதாக அர்த்தம்.

பாரம் முழுக்கப் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால்.
ஓட்டுகிறவள் கொஞ்சம் அசந்தால் போதும்,
வாலுக்கு முன்னால் வர ஆசை வந்துவிடும்.
உவமையாக எதுவும் சொல்லவில்லை.
இயந்திரத்தைத்தான் சொல்கிறேன்.

இடப்பக்கம் கல்யாணப் பாய் அகலத்தில் திரும்பிவிடும்.
வலப்பக்கம் திரும்ப
ஒரு கால்பந்து மைதானம் கேட்கும்.
நோட்டில் மார்ச்சிலிருந்து எழுதிவருகிறேன்:
‘வலது பிரேக் சரியில்லை.’
அதற்கடியில் அவன் கையெழுத்து, சாய்வாக:
‘எனக்குச் சரியாக இருக்கிறது.’

இன்றைக்கு ஆகஸ்ட் காற்று.
டிராக்கன்ஸ்பர்க் மலையிலிருந்து
அடுப்பு வாயைத் திறந்துவிட்டதுபோல் இறங்கியது.
லேடிஸ்மித்தைச் சுற்றிப் புல்லெல்லாம் எரித்த கரி.
ஓடுதள ஓரத்தில் ஹடீடாப் பறவைகள்
கரியைக் கிண்டிக்கொண்டு
யாரையோ திட்டின.
இறங்கிவிட்டேன்.
இறங்குவதா பெரிது?
ஹாங்கர் வரைக்கும் இன்னும் நானூறு மீட்டர்.

காற்று இடது முதுகில்.
குச்சியை முன்னுக்குத் தள்ளி வலப்பக்கம் சாய்த்தேன்,
பாடத்தில் உள்ளபடி.
பாடம் படிக்காத காற்று
வாலைப் பிடித்துத் தள்ளியது.
மூக்கு இடப்பக்கம் போகிறது,
இடப்பக்கம் வேலி.
வலது குதிகாலை அழுத்தினேன். பஞ்சு.
இன்னும் அழுத்தினேன். பஞ்சு.

அப்போதுதான் தெரிந்தது
குனிந்தபடி ஓடி வருகிற சட்டை.
சனிக்கிழமை அவனுக்கு இங்கே என்ன வேலை?
கேட்கிற நேரமில்லை.
புரொப்பெல்லருக்கு எட்டாத தூரத்தில்
வலது இறக்கையின் கம்பியைப் பிடித்து,
கரிமண்ணில் குதிகாலை ஊன்றி,
பின்னுக்குச் சாய்ந்தான்.
மூக்கு மெல்ல
ஓடுபாதைக்கு வந்தது.
நான் விரலால் காட்டினேன், அவன் விட்டான்.
காட்டினேன், பிடித்தான்.
நானூறு மீட்டரும் இப்படியே.
பதினொரு வருஷத்தில் இவ்வளவு ஒழுங்காக
நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

வாசலில் எஞ்சினை நிறுத்தினேன்.
‘மக்னீட்டோ?’ என்றான்.
‘ஆஃப்’ என்றேன்.
அன்றைய மொத்த உரையாடல் அது.

இனி கையால்தான் திருப்பவேண்டும்.
ஒருவர் ஒரு பக்கத்தை அசையாமல் பிடிக்க
மற்றவர் வாலைத் தூக்கிக்கொண்டு
வட்டமாக நடக்கவேண்டும்.
இருவரும் தள்ளினால் நேராகப் போய்க் கதவில் இடிக்கும்.
வழக்கமாகப் பிடிப்பது நான்.
இன்றைக்கு அவனே போய் வலது சக்கரத்தருகே நின்றான்.
நான் வாலைத் தூக்கினேன்.
நினைத்ததைவிடக் கனம்.
சிமெண்டில் ரப்பர் கிறீச்சிட்டது.
நின்ற இடத்தில் முறுகுகிற டயர்தான்
சீக்கிரம் தேயும் என்று
மெக்கானிக் பெக்கி போன மாதம்கூடச் சொன்னான்.
அவன் சொன்னது, நான் சொன்னதில்லை.

சக்கரத்துக்குக் கட்டை வைத்து,
இறக்கையைக் கயிற்றால் கட்டி,
நோட்டை எடுத்தேன். என் நாள், என் பக்கம்.
‘ஐம்பது நிமிடம். எண்ணெய் அரை லிட்டர்.’
பேனாவுக்குக் கை நீட்டினான்.
எழுதியதைக் காற்று புரட்டுவதற்குள் படித்தேன்:
‘வலது பிரேக். பார்த்தேன்.’
சரியில்லை என்று எழுதவில்லை.
அவ்வளவு தூரம் அவன் வரமாட்டான்.

வெளியே வண்டிகள் நிற்கிற குறுகிய இடத்தில்
என் கார் ஒரே வெட்டில் திரும்பியது,
யாரும் எதையும் பிடிக்காமல்.